வேக வரம்பு

ரயில்வேயில் ஊழியம் செய்பவர்களுக்கு ‘வரம்பு’ என்ற சொல் நித்திய பாராயணம் போன்றது. பாதைக்கு ஒரு வேக வரம்பு. வாகனுக்கு ஒரு பார வரம்பு. குமாஸ்தாவுக்கு ஒரு செலவு வரம்பு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தந்தையார் காலமானபின் இலாகாவில் கடைநிலையில் சேர்ந்து, பரீட்சை எழுதிக் குமாஸ்தாவாகிக் கல்யாண் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தும் நாமும் இந்த வரம்புகளுக்குள்ளேயே வாழ்ந்து பழகிவிட்டோம். ஆகவே, 2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்னர், எட்டாம் வகுப்பில் படித்துவந்த நம் புதல்வன், “அப்பா, குறித்த வேகத்துக்கு மேலே ஓடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டரை நாமே பூட்டலாமா?” என்று கேட்டதும் திடுக்கிட்டோம்.

ஓவர்க்ளாக்கிங் என்று அதற்குப் பெயராம். ஒரே மாதிரியாகச் செய்யப்படும் சில்லுகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. அவற்றுள் சுமாரானதும் தவறாமல் ஓடக்கூடிய வேகத்தையே கம்பெனியார் எல்லாவற்றுக்கும் குறிக்கின்றனர். எனவே பல சில்லுகளில் சிறிது வேகம் மிச்சமாக ஒளிந்திருக்கும். அதை வெளிக்கொணர்வதே இவ்வித்தை. ஆனால் வேகம் கூடினால் மின்னழுத்தம் கூட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் உஷ்ணம் கூடும். அதனால் விளையும் சேதத்துக்குக் கம்பெனியின் உத்தரவாதமும் செல்லாது. இவ்வளவையும் பையன் ஒளிக்காமல் சொன்னான். தான் வரையும் சித்திரங்களை அசையவைக்கப் பழக வேண்டும் என்பது அவனது ஆசை. விலையுயர்ந்த இயந்திரம் நமக்கு எட்டாது. எட்டுகின்ற இயந்திரத்தைச் சற்று விரைவுபடுத்தினால் என்ன என்பது அவன் வாதம்.

பணத்துக்கு வழி பார்த்தோம். 78 நாள் போனஸ் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதினாலும், கணக்கிடும் சம்பளத்துக்கு மாதம் 7,000 ரூபாய் உச்சவரம்பு உண்டாகையால் கைக்கு வருவது 17,951 ரூபாயே. சீட்டுப் பணம் 14,000. “பண்டிகைக்கு எனக்குப் புடவை வேண்டாம், பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்றாள் நம் இல்லாள். ஆக மொத்தம் 31,951 ரூபாய். திரைக்குப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியே போதும் என்று தீர்மானித்தோம்.

ஒரு ஞாயிறன்று தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி, லாமிங்டன் ரோடு கடைகளைச் சுற்றினோம். பையன் நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தான். இன்டெல்லில் ‘கே’ என்ற எழுத்துடைய ப்ராஸஸரும், அதற்கு ‘இஸட்’ வரிசை மதர்போர்டும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நம் கையைக் கடிக்கும். ஏஎம்டியின் ரைஸன் 5 5600ஜி என்பதில் ஆறு கோர்களும், வேகத்தை மாற்ற அனுமதியும், படம் காட்டும் பகுதியும் உள்ளேயே இருப்பதால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. ஆனால் ஏ520 மதர்போர்டு மலிவாக இருக்கிறதென்று வாங்கினால் ப்ராஸஸரின் வேகத்தைக் கூட்ட இயலாது, பி550 வேண்டும். 16 ஜிபி ராம் ஒன்றை வாங்குவதினும் 8 ஜிபி இரண்டை ஜோடியாகப் பொருத்துவது நன்று. ஒற்றைப் பாதைக்கும் இரட்டைப் பாதைக்கும் உள்ள வேற்றுமை அது என்று நமக்குச் சட்டென்று விளங்கிற்று. பெட்டியுடன் வரும் சிறு விசிறி கூடுதல் உஷ்ணத்தைத் தாங்காது என்று உயரமான கூலர் ஒன்றும், முன்புறம் வலையுள்ள கேபினெட் ஒன்றும் எடுத்தோம்.

கடைசியாக நின்றது பவர் சப்ளை. பையன் குறித்திருந்தது 4,000 ரூபாய் விலையுள்ளது. ஒரு கடைக்காரர் ‘500 வாட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒன்றை 1,400 ரூபாய்க்குக் காட்டினார். “வேண்டாம் அப்பா” என்று பையன் மெல்லச் சொன்னான். மின்சாரம் எங்கிருந்து வந்தால் என்ன என்று நாம் அதையே வாங்கினோம். 2,600 ரூபாயை மிச்சம் பிடித்த பெருமையோடு வீடு திரும்பினோம்.

இயந்திரம் முதல் நாளே ஓடிற்று. பையன் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவான், சோதனை ஓட்டுவான், உஷ்ணத்தைக் குறித்துக்கொள்வான், பிறகே அடுத்த படி. நான்காம் நாள் இரவு இயந்திரம் படாரென்று அணைந்தது. மறுநாளும் அவ்வாறே. நமக்குச் சினம் மூண்டது. “வரம்பு மீறினால் இப்படித்தான். வீட்டுப் பணத்தைக் கரியாக்கிவிட்டாய்” என்று தாயார் முன்னிலையில் கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி கூறாமல் எல்லா அமைப்புகளையும் பழையபடி மாற்றிவிட்டு, இயந்திரத்தின் மேல் துணியைப் போர்த்தினான். ஒரு வாரம் நம்மிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் இல்லாள் ஏதோ பார்க்க வேண்டி இயந்திரத்தைப் போட்டாள். குறித்த வேகத்திலேயே ஓடியும், சற்று வேலை கூடியதும் அது அணைந்தது. அப்போதுதான் நமக்கு உறைத்தது. பவர் சப்ளையைக் கழற்றி அதன் சிறு எழுத்துகளைப் படித்தோம். 12 வோல்ட்டில் 14 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 168 வாட்! இயந்திரத்தின் முக்கிய உறுப்புகள் உண்பது அந்த 12 வோல்ட்டில்தான். தினம் நூறு ரசீதுகளைச் சரிபார்க்கும் கண்கள் கடையில் பெரிய எழுத்தோடு நின்றுவிட்டன. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நண்பரிடமிருந்து நல்லதொன்றை இரவல் வாங்கிப் பொருத்தியதும் இயந்திரம் இரவு முழுதும் அசையாமல் ஓடியது.

கடைக்காரர் பழையதைத் திரும்ப எடுக்கவில்லை. பொங்கல் புடவைப் பணத்தில் பையன் முதலில் குறித்த பவர் சப்ளையையே வாங்கினோம். அன்றிரவு அவனைத் தாயார் முன்னிலையிலேயே அழைத்து, “தவறு எங்களுடையது அல்ல, என்னுடையது என்று உன் அப்பா சொல்ல வேண்டும்” என்று இல்லாள் கண்ணால் உணர்த்த, அவ்வாறே கூறினோம். நம் தந்தையார் நம்மிடம் ஒருநாளும் அப்படிக் கூறியதில்லை. நாவும் எளிதில் எழவில்லை. பையன் சற்று நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, “அப்போ இன்னொரு 100 ஏத்தட்டுமா, அப்பா?” என்றான்.

இப்பொழுது 3.9 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமுள்ள அந்த ப்ராஸஸர் ஆறு கோர்களிலும் 4.4-இல் ஓடுகிறது. படப் பகுதி 1,900-லிருந்து 2,200 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறியுள்ளது. சில்லு 95 டிகிரி வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. பையனோ 85-ஐத் தாண்ட விடுவதில்லை. மே மாத வெயிலில் அவனே வேகத்தைக் குறைத்துவிடுகிறான்.

வீட்டில் இம்முயற்சியில் இறங்கும் சங்க அன்பர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே: சிக்கனத்தை வேறெங்கும் காட்டுங்கள், பவர் சப்ளையில் காட்டாதீர்கள். பெரிய எழுத்தை விட்டுச் சிறிய எழுத்தைப் படியுங்கள். ஏதேனும் கோளாறு நேர்ந்தால், பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் நாம் வாங்கிக் கொடுத்த பொருளை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.