மச்சானும் பைப் பம்பரும்

ஒரகடத்துல பட்டறை வச்சிருக்கற எங்க மச்சான், தன்னோட பழைய ஜீப்புக்கு ரெண்டு இஞ்ச் பைப்பை வளைச்சு, வெல்டிங் வச்சு, முன் பம்பர் செஞ்சுட்டாரு. சேஸிஸ்ல நாலு போல்ட்டு. சேத்துல சிக்கினா கயிறு கட்டி இழுக்க அருமையான சமாச்சாரம்தான்.

அடுத்து என் காருக்கு அளவெடுக்க டேப்போட வந்துட்டாரு!

"வேணாம் மச்சான்"னேன். காரோட முன்பக்கம் நசுங்குறதே உள்ள இருக்கறவங்களைக் காப்பாத்தத்தான். பைப் மாட்டினா அடி நேரா பாடிக்குப் போகும். ஏர்பேக் விரியுற நேரமும் தப்பலாம். ஷிப்ட் விட்டு ரோட்டோரமா நடந்து வர்றவங்க மேல பட்டா? 2017 டிசம்பர்லயே மத்திய அரசு, இது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம்னு மாநிலங்களுக்கு எழுதியாச்சு. வண்டியை மோதவிட்டு சோதிக்கற ஆராய்ச்சி மையமும் இதே ஒரகடத்துலதான் இருக்கு.

ஜீப்புக்கு? சேத்துல இறங்குறப்ப மட்டும் மாட்டறதா ஒப்பந்தம். நாலு போல்ட்டுதானே மக்களே, கழட்டினா கழண்டுடும் :)