இருபத்திரண்டு மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி

செய்தித் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த நான் செய்த பிழைகளுள் இன்றும் நினைத்துச் சிரிக்கும் பிழை ஒன்று உண்டு. வீட்டுச் சோதனை ஒன்றில் அகப்பட்ட கைத்துப்பாக்கி பற்றி ஆங்கிலத்தில் வந்த குறிப்பை இரவுப் பதிப்புக்காக அவசரமாகத் தமிழாக்கினேன். '.22' என்பதிலிருந்த புள்ளியை விட்டுவிட்டு, '22 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி' என்று எழுதிவிட்டேன். அப்படி ஒன்று இருந்தால் அதைக் கையில் அல்ல, வண்டியில் பூட்டித்தான் இழுக்கவேண்டும். மறுநாள் ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் வந்து சிரித்தார். அது அங்குலக் கணக்கு என்றும், மில்லிமீற்றரில் 5.6 என்றும் சொல்லித் தந்தவர் அவர்தாம். துப்பாக்கிச் சூடு என்ற சொல்லை ஆயிரக்கணக்கான தடவை எழுதிய கை, துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியாமலேயே எழுதி வந்திருக்கிறது.

அந்த அறியாமை சற்றேனும் நீங்கியது 2019ஆம் ஆண்டு கோடையில், சுவிற்சர்லாந்தில். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. கொழும்பை விட்டு ஆறு வாரம் விலகி இருக்கலாம் என்று ஆர்கவ் மாநிலத்தில் வசிக்கும் தங்கையிடம் போயிருந்தேன். அவளுடைய மகள், அங்கேயே பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவள், ஊர்ச் சுடுகழகத்தில் 25 மீற்றர் கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். கழகம் அவளுக்குக் கொடுத்திருந்தது அதே மாநிலத்து லென்ஸ்பேர்க்கில் செய்யப்பட்ட பழைய ஹெமர்லி. அது வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது என்பது தங்கையின் கட்டளை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்து மக்களோடு மழையில் நடந்து வந்தவள் அவள். அவளிடம் வாதிட்டுப் பயனில்லை; வாதிடவும் கூடாது.

மருமகளின் கவலை வேறு. முந்திய மாதம் நடந்த கழகப் போட்டியில் இரண்டு ரவைகள் வெடிக்கவில்லை. மறுபடி சுட நடுவர் சந்தர்ப்பம் கொடுத்தாராம். ஆனால் போன நிதானத்தை யார் திருப்பிக் கொடுப்பது? பழி தன் கையிலா, துப்பாக்கியிலா, ரவையிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. "மாமா, நீங்கள் எழுதுகிற ஆள்தானே, என்னோடு வந்திருந்து கணக்கு எழுதித் தாங்கோவன்" என்றாள்.

கணக்கு எழுதுவதைத் தவிர என்னால் வேறொன்றும் செய்யவும் இயலாது. இலங்கை உட்படச் சில நாடுகளின் குடிமக்கள் சுவிஸ் மண்ணில் ஆயுதம் வைத்திருப்பதையும் சுடுவதையும் அந்நாட்டு ஆயுதச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதி தடுத்திருந்தது. பட்டியலில் நம் நாட்டின் பெயரைக் கண்டபோது கோபம் வரவில்லை. பட்டியல் போட்டவரும் பத்திரிகை படித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானப் பொறுப்பாளர் எழுபதைத் தாண்டிய சுவிஸ்காரர். அவர் சொல்ல, மருமகள் மொழிபெயர்க்க, நான் குறிப்பெடுத்தேன். பெரிய ரவைகளில் கோதின் அடிப்புற நடுவில் தீமூட்டும் குமிழ் தனியாகப் பதிக்கப்பட்டிருக்கும். .22 ரவையில் அது கிடையாது. கோதின் அடி விளிம்பு உள்ளே பொள்ளலாக இருக்கிறது. தீமூட்டும் மருந்தை ஈரமாக இட்டு, சுழற்றி, அந்த விளிம்புக்குள் பரவச் செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது மருந்து தீப்பற்றுகிறது. விளிம்பின் சுற்றில் எங்காவது மருந்து படியாமல் விடுபட்டு, ஊசியும் சரியாக அந்த இடத்தையே குத்தினால் ரவை ஊமையாகிவிடும். அதையே சற்றுத் திருப்பிப் போட்டுச் சுட்டால் பெரும்பாலும் வெடிக்கும். பிரான்சின் புளோபேர் 1845இல் தொடக்கிய இந்த வகை, 1887இல் இன்றைய நீண்ட .22 ரவையாக அமெரிக்காவில் உருவெடுத்தது. அன்றிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. அதன் பலவீனமும் மாறவில்லை.

வேகமான ரவைதான் நம்பகமானது என்று மருமகள் எண்ணியிருந்தாள். கிழவர் தலையசைத்து மறுத்தார். வெடிப்பின் உதைப்பே துப்பாக்கியின் பின்னகரும் பகுதியைத் தள்ளி, வெற்றுக் கோதை வெளியேற்றி, அடுத்த ரவையை ஏற்றுகிறது. காவற்படைத் துப்பாக்கியின் உருவில் வரும் .22 பயிற்சித் துப்பாக்கிகள் பலவற்றின் சுருள்வில் கடினமானது. அவற்றுக்கு வினாடிக்கு 1,200 அடிக்கு மேற்பட்ட வேகம் வேண்டியிருக்கும். அவளுடையதைப் போன்ற இலக்குத் துப்பாக்கியோ ஒலியின் வேகத்தைத் தாண்டாத, ஏறத்தாழ 1,070 அடி வேகமுள்ள சாதாரண ரவைக்கென்றே அளவாகச் செய்யப்பட்டது. வேகம் கூடினால் பாகங்கள் அடிபட்டுத் தேயும். மிகக் குறைந்தால் கோது வெளியேறாமல் சிக்கும்.

அதனால் 40 கிரெயின், அதாவது 2.6 கிராம், ஈயச் சன்னம் கொண்ட சாதாரண வேக ரவைகளில் நான்கு வகை வாங்கினோம். வகைக்கு நான்கு பெட்டி, பெட்டிக்கு 50. சோதனைக்கு முன்பு துப்பாக்கியைத் துடைப்பித்தார் கிழவர். இந்த ரவைகளின் சன்னத்தில் மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகும் கரியும் ரவை அறையில் படிந்தால் ரவை முழுதாக உட்காராது, ஊசியின் அடி வீணாகும், பழி ரவையின் மேல் விழும். வெடிக்காத ஒவ்வொன்றையும் எடுத்து விளிம்பைப் பார்க்கச் சொன்னார். தழும்பு ஆழமாக இருந்தால் குற்றம் ரவையில். மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியில். வெடிக்காதபோது குழலை இலக்கின் பக்கமே பிடித்து 30 வினாடி காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிப்பதும் உண்டு. எங்கள் தொழிலில் ஒரு செய்தியை உறுதிப்படுத்த இத்தனை பொறுமை காட்டியிருந்தால் எத்தனையோ மறுப்பறிக்கைகளைத் தவிர்த்திருக்கலாம்.

மூன்று மாலைகள் இவ்வாறு கழிந்தன. மலிவான வகையில் 200க்கு ஏழு வெடிக்கவில்லை. ஏழிலும் தழும்பு ஆழமாகவே இருந்தது. திருப்பிப் போட்டபோது ஐந்து வெடித்தன. போட்டியில் அவளைக் கைவிட்டதும் அதே வகைதான். செய்தவரின் பெயரை எழுத விரும்பவில்லை. ஒரு துப்பாக்கியில் ஒரு தொகுதியைச் சுட்டுப் பார்த்ததற்கு அவ்வளவுதான் பெறுமதி.

நான்காம் மாலை, அந்த வகையிலேயே எஞ்சியிருந்த ஒரு பெட்டியைப் பயிற்சிக்காகத் தீர்த்துவிடலாம் என்று அவள் சுட்டுக்கொண்டிருந்தாள். இருபது வினாடிக்குள் ஐந்து சூடு. நான் பின்னால், காதில் பஞ்சடைப்பான்களோடு அமர்ந்திருந்தேன். முதலிரண்டும் வழமைபோல ஒலித்தன. மூன்றாவது 'பொக்' என்றது. போத்தலின் தக்கை கழன்றாற்போல ஓர் ஓசை. பின்னகரும் பகுதி அசையவில்லை. நேரம் போகிறதே என்று அவள் அதைக் கையால் இழுத்து விட்டு, நான்காவதுக்குக் கையை நீட்டினாள்.

வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்களின் செவிக்கு ஒரு தனிப் பயிற்சி உண்டு. ஏவப்படும் ஓசையைக் கேட்டதும் விழும்வரை எண்ணியவர்கள் நாங்கள். ஓசை மாறினால் காரணம் தெரியும்முன்பே உடல் எழுந்துவிடும். "சுடாதை பிள்ளை!" என்று கத்தினேன். அந்த மண்டபத்தில் தமிழ் அவ்வளவு உரத்து அதற்கு முன் ஒலித்திருக்காது. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

கிழவர் வந்து ரவைக்கூட்டைக் கழற்றி, அறையிலிருந்ததை எடுத்து, பித்தளைக் கம்பியைக் குழலின் வாயில் விட்டார். பாதியில் நின்றது. மருந்து குறைந்த ரவையின் சன்னம் குழலுக்குள்ளேயே தங்கியிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அது முந்தியதன் முதுகில் மோதிக் குழலைப் புடைக்கச் செய்திருக்கும், வெடிக்கவும் வைத்திருக்கும். அவர் ஒன்றும் பேசாமல் கம்பியை மெல்லத் தட்டிச் சன்னத்தை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சோளமுத்தை விடச் சற்றுப் பெரிதாக, சாம்பல் நிறமாக, இன்னும் மெழுகு பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மருமகள் வாங்கில் அமர்ந்து தன் வலக்கையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை, 200இலும் ஒன்றுகூடப் பிழைக்காத வகையில், பெட்டிகளின் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, 5,000 ரவைகள் கழகத்தின் மூலம் எடுத்தாள். தொகுதி மாறினால் தன்மையும் மாறலாம் என்பதால் பெரிய போட்டியாளர்கள் தம் துப்பாக்கியையே உற்பத்தியாளரின் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்து வாங்குவார்களாம். விலை மலிவானதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. பணத்தில் பாதியைக் கொடுத்தது தங்கை. மூன்று வருடமாக மைதானத்தின் பக்கம் போகாதவள், நடந்ததைக் கேட்டபின் ஒன்றும் சொல்லாமல் பணப்பையைத் திறந்தாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, அந்தச் சன்னத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கப் போனேன். தங்கை பார்த்துவிட்டாள்.

"அண்ணா, கட்டுநாயக்காவிலை பிடிச்சுக் கேட்டால் இதுக்கு என்ன கதை சொல்லப் போறியள்?"

இருபத்திரண்டு மில்லிமீற்றர் இல்லை என்று சொல்லலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. வாங்கித் தையல் பெட்டிக்குள், ஊசிகளோடு போட்டு மூடினாள்.