சில்லெண்டாலும் அகட்டட்டும்

கிளிநொச்சியில் ஒரு கராஜ் வாசலில் பழைய காரொன்று நின்றது. நாலு சில்லும் மட்காட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அதைச் செய்து கொடுத்த தம்பியிடம், ஏன் இப்படி என்று கேட்டேன். "ஸ்பேசர் போட்டிருக்கு அக்கா. அகண்டு நிண்டால் வடிவு எண்டு பெடியள் கேக்கினம்" என்றார். ஹப்புக்கும் சில்லுக்கும் நடுவில் வைக்கும் தடித்த அலுமினியத் தட்டுத்தான் ஸ்பேசர். தட்டின் தடிப்பு எவ்வளவோ, அவ்வளவுக்குச் சில்லு வெளியே வரும்.

என்னோடு வந்த அக்கா அந்தத் தட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 2009 இல் எறிகணை வீச்சில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். விடிய 3 மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள கடைகளுக்குக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். நாங்கள் கராஜுக்குப் போனதும் அவருடைய ஸ்கூட்டருக்காகத்தான்.

அந்த ஸ்கூட்டரை ஒரு நிறுவனம் கொடுத்திருந்தது. பின்னால் இரு பக்கமும் மேலதிகச் சில்லு பூட்டியது. கொடுத்த அன்று படம் எடுத்தோம். "நிறைவு" என்று கோப்பில் எழுதிக் கையொப்பம் வைத்தது நான்தான். மூன்றாம் கிழமை, சந்தியில் திரும்பும்போது ஒரு பக்கச் சில்லு கிளம்பி, அக்காவும் இடியப்பமும் மணலில் கிடந்தார்கள். நல்லவேளை, கையில் சிராய்ப்பு மட்டும். அன்றைய முதல் முழுவதும் போயிற்று. நிறுவனத்துக்கு அறிவித்தபோது, கொடுத்தாயிற்று, திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். எனது கையொப்பமும் அதையேதான் சொன்னது.

சமூகவியல் படித்த எனக்கு ஸ்கூட்டர் ஏன் பிரளுகிறது என்று தெரியவில்லை. அந்தத் தம்பிதான் விளங்கப்படுத்தினார். இரண்டு சில்லு வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து திரும்பும். பக்கச் சில்லு பூட்டினால் சாய முடியாது. பாரம் முழுவதும் வெளிப்பக்கச் சில்லில் விழும். சில்லுகள் கிட்டக் கிட்ட இருந்து, பாரமும் உயரத்தில் இருந்தால் வண்டி பிரண்டுவிடும். அக்கா இடியப்பப் பெட்டியை ஆசனத்தின் மேலே கட்டிக்கொண்டு போயிருந்தார்.

"பஸ்ஸிலை நிண்டு போற ஆக்கள் காலை அகட்டி வைப்பினம். எனக்கு அகட்ட ஒரு கால்தான் இருக்கு. சில்லெண்டாலும் அகட்டட்டும்" என்றார் அக்கா.

தம்பி பக்கத்துக்கு முக்கால் அங்குலத் தட்டு வைத்து, இருந்த போல்டிலேயே பூட்டித் தந்தார். நான்காம் நாள் பின்னால் 'டக் டக்' என்று ஒரு சத்தம். அக்கா உடனே நிறுத்தி, என்னைக் கூப்பிட்டார். நட்டைக் கழற்றிப் பார்த்தால், தட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டதால் நட்டுக்கு இரண்டு புரிதான் மிச்சம் இருந்திருக்கிறது. சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓடியிருந்தால் சில்லு தனியாகப் போயிருக்கும். போல்ட் எவ்வளவு மொத்தமோ, அவ்வளவு நீளத்துக்காவது நட்டு புரியில் ஏறிப் பிடிக்க வேண்டும். 10 மில்லிமீற்றர் போல்ட் என்றால் 10 மில்லிமீற்றர். இதைக் காரில் பார்த்துப் பூட்டியவர் எங்களது வண்டியில் கவனிக்கவில்லை. கேட்க எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு அக்கா யாரையும் நம்பவில்லை. தையல் பெட்டியில் இருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வண்டியின் வெளி அகலம் 37 அங்குலம். வீட்டுப் படலை 42. தம்பி பக்கத்துக்கு 2 அங்குலம் என்றார். அக்கா ஒன்றேகால் போதும் என்றார். கூட வைத்தால் படலையில் ஒரு விரல் இடம்கூட மிஞ்சாது. சில்லு வெளியே போகப் போக ஹப்புக்கும் பெயரிங்குக்கும் பாரம் கூடும் என்பதையும் தம்பி மறைக்காமல் சொன்னார். லேத் கடையில் நீளமான போல்டுகள் எடுத்தோம். பக்கச் சில்லைக் கொஞ்சம் உயர்த்தியும் பூட்டினார்கள். இல்லாவிட்டால் பள்ளத்தில் இரண்டு பக்கச் சில்லும் மேட்டில் ஏற, நடுச் சில்லு நிலத்தைத் தொடாமல் சும்மா சுற்றும்; வண்டி நகராது. இடியப்பப் பெட்டிக்குப் பின்னால் தாழ்வாக ஒரு இரும்புத் தட்டு வைத்தார்கள். என்னைக் கேட்டால், முதல் நாளே செய்திருக்க வேண்டியது இதைத்தான். பாரத்தை இறக்கினாலே பாதிப் பயம் போய்விடும், அதற்கு ஸ்பேசர் வேண்டியதில்லை.

நூறு கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டையும் திரும்ப இறுக்க வேண்டும் என்றார் தம்பி. அக்கா கலண்டரில் குறித்து வைத்துக்கொண்டார். இப்போது அந்தச் சந்தியில் மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் திரும்புகிறார். நான் ஒருநாள் பின்னால் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். உள்பக்கச் சில்லு கிளம்பவில்லை.

வேறொரு சிக்கல் வந்தது. கொடுப்பனவு எடுக்கப் போகும் அலுவலக வாசலில் மோட்டார் சைக்கிள் நுழையாமல் இரண்டு தூண் நட்டிருக்கிறார்கள். இடைவெளி 36 அங்குலம். முன்பிருந்த 37 உடனும் போக முடியாதுதான்; இதுவரை றோட்டில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஊன்றுகோலில் வெயிலில் நடந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. "நான்தானே பிழையான அகலம் எண்டு நினைச்சன்" என்றார்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிப் போய்வரும் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. இரண்டையும் குறிப்பிட்டு ஒரு தூணை எடுத்துவிடும்படி கடிதம் எழுதினோம். எழுதியது நான், அளவுகளைச் சொன்னது அக்கா. கீழே அவரே கையொப்பம் வைத்தார்.

பதில் இன்னும் வரவில்லை. இடியப்பப் பெட்டிக்குள் அளவு நாடாவும் இப்போது கூடப் போகிறது.