பதினெட்டு டிகிரித் தண்ணீர்

மெக்சிகோ நகரமும் உதகமண்டலமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. இரண்டும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இந்தப் பொருத்தம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து எங்களை விட்டபாடில்லை. மெக்சிகோ நகரின் தென்கோடியில், சோச்சிமில்கோ என்னும் பழைய ஏரியின் மிச்சமாக நிற்கும் கால்வாய்களில் மட்டுமே இயற்கையாக வாழும் பிராணி ஆக்சலாட்டில். அதில் ஒன்று வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடியில், எங்கள் வீட்டில் இருக்கிறது. கணியம்பாடி கடல்மட்டத்திலிருந்து இருநூறு சொச்சம் மீட்டர்தான். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் குடித்த வெயிலை அவை இரவில் கக்கும்.

எங்கள் அண்ணன் மகன் சென்னையில் வேலை பார்த்தபோது வளர்த்தது அது. 2024ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக வெளிநாடு புறப்பட்டவன், அதை எங்களிடம் விட்டுப் போக முடியுமா என்று பங்குனியிலேயே கேட்டுவிட்டான். உடனே சரியென்று சொல்லவில்லை. அந்தக் கத்திரி முழுவதும் வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்த பிறகே சொன்னோம்.

பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். சாண் நீளம், வெளிர் ரோஜா நிறம், கழுத்தின் இருபுறமும் மும்மூன்றாக இறகு போன்ற செவுள்கள், இமையில்லாத சிறு கண்கள். தவளைக்குத் தூரத்து உறவான சாலமாண்டர் வகை. (நம் நாட்டில் சாலமாண்டர்கள் டார்ஜிலிங், மணிப்பூர்ப் பக்கத்து மலைகளில்தான் உண்டு, தெற்கே கிடையாது.) மற்ற சாலமாண்டர்கள் வளர்ந்ததும் செவுளை உதிர்த்துக் கரையேறும். இது தலைப்பிரட்டைப் பருவத்திலேயே மூப்படைந்து, அந்தப் பருவத்திலேயே முட்டையிட்டு, தண்ணீரிலேயே முடிந்துபோவது. வெட்டுண்ட கால் மீண்டும் முளைப்பதால் விஞ்ஞானிகளுக்குச் செல்லப்பிள்ளை. 1864இல் பாரிசுக்கு வந்திறங்கிய 34 ஆக்சலாட்டில்களில் ஆறு, அகஸ்த் துமெரில் என்ற விலங்கியலாளரிடம் போய்ச் சேர்ந்தன. உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்வனவற்றில் பெரும்பாலானவை அந்த வரவின் வாரிசுகளே.

இலக்கிய நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் ஹூலியோ கொர்த்தஸாரின் சிறுகதையைத்தான் முதலில் கேட்பார்கள். அதே பாரிஸ் தாவரவியல் தோட்டத்துக் காட்சித்தொட்டி முன் நின்று நின்று பார்க்கும் மனிதனின் கதை. நல்ல கதை; மறுப்பில்லை. ஆனால் கணியம்பாடியில் தொட்டி முன் உட்கார்ந்தால் இருப்பின் மர்மம் பற்றிய சிந்தனை வருவதற்கு முன்பே வெப்பமானியில் கண் போய்விடுகிறது.

இந்தப் பிராணிக்கு ஏற்ற நீர் 16 முதல் 18 டிகிரி. 20 வரை பொறுக்கும். 24ஐத் தாண்டினால் துன்பம் தொடங்கும்: செவுள்கள் முன்னோக்கி மடங்கும், வால்நுனி சுருளும், இரையைத் தொடாது, பஞ்சுபோல் வெள்ளைப் பூசணம் படியும். சூடான நீரில் உயிர்வளி கரைவது குறைவு. 18 டிகிரியில் லிட்டருக்கு ஒன்பதரை மில்லிகிராம் அளவுக்குக் கரைவது, 30 டிகிரியில் ஏழரையாகிவிடும். அதே வெம்மையில் உடலின் தேவையோ கூடும். வரவு குறைந்து செலவு ஏறும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அளந்து பார்த்தோம். சித்திரையில் 29, பிறகு தையிலும் 28. முதலில் வியப்பாக இருந்தது. நிலத்தடி நீரின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும் என்பது பள்ளிப்பாடம்தான். கையில் பட்டால்தான் உறைக்கிறது. மெக்சிகோ நகரின் ஆண்டுச் சராசரி 16, 17 டிகிரி. அங்கே மண்ணே இந்தப் பிராணிக்கான குளிரை வைத்திருக்கிறது. எங்கள் மண்ணில் எத்தனை அடி தோண்டினாலும் அந்தப் பதினெட்டு இல்லை.

இருந்தாலும் பானை நினைவுக்கு வந்தது. மண்பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறென்ன நினைவுக்கு வரும்? வாயகன்ற மண்தொட்டி ஒன்றை வாங்கி, ஈர மணல்மேல் வைத்து, ஈரச்சாக்கு சுற்றி, மின்விசிறிக் காற்றில் விட்டோம். வெளியே 40 டிகிரி அடித்த பிற்பகலில் தொட்டி நீர் 26ஐத் தொட்டது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே ஓர் அரை டிகிரிகூட இறங்க மறுத்தது. விசிறியை இரண்டாக்கினோம், சாக்கை மாற்றினோம், 26தான். காரணம் எளியது. ஆவியாதலால் வரும் குளிர்ச்சிக்குக் காற்று ஒரு தரை போட்டுவைத்திருக்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்த்தால் வரும் எண்தான் அந்தத் தரை. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். 40 டிகிரியும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் அது 25, 26 டிகிரி. ஆவணியில் வெயில் 33க்கு இறங்கும்போது, ஈரப்பதம் 70க்கு ஏறிக்கொண்டு தரையை 28க்கு உயர்த்திவிடும். வெயில் தணிந்த மாதத்தில் பானை தோற்பது இதனால்தான். மனிதத் தாகத்துக்குப் பானை போதும், சோச்சிமில்கோவுக்குப் போதாது.

அடுத்து பனிக்கட்டி. 100 லிட்டர் தொட்டியில் ஒரு கிலோ பனிக்கட்டி போட்டால் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 32இலிருந்து 18க்கு வர 14 கிலோ. வந்த பிறகு சும்மா இருக்குமா? கண்ணாடி வழியாக உள்ளே கசியும் வெப்பம் சுமார் 100 வாட், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று தொட்டிக்குள் ஓயாமல் எரிவதற்குச் சமம். அதை ஈடுகட்ட நாளொன்றுக்கு 20 கிலோ. 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டி, அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலில் கொண்டுவந்து விற்ற பிரெடரிக் டியூடர் எங்கள் வாசலுக்கு வந்திருந்தால் நல்ல வாடிக்கையாளர்களாக இருந்திருப்போம்.

அந்தக் காலத்திலேயே இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலேயருக்கு நீலகிரி ஓடைகளில் தம் ஊர் டிரவுட் மீனைப் பிடித்து விளையாட ஆசை. ராணுவ மருத்துவரும், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவருமான பிரான்சிஸ் டே 1860களில் முயன்று பார்த்தார், நிலைக்கவில்லை. 1907 வாக்கில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் டிரவுட் நீலகிரியில் வேரூன்றியது. கடல்மேல் பனிக்கட்டியும் பாசியும் கொண்டு குளிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் மலைக்கு ஏறிவிட்டால் வேலை முடிந்தது. மிச்சத்தை ஓடை பார்த்துக்கொண்டது. அவர்கள் உயிரைக் குளிரிடம் கொண்டுபோனார்கள். நாங்கள் குளிரை உயிரிடம் கொண்டுவர முயல்கிறோம். இது முடிவே இல்லாத வேலை.

உதகை ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. கூடாது. சோச்சிமில்கோவில் 1998இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று கணக்கிடப்பட்ட ஆக்சலாட்டில், 2014 கணக்கெடுப்பில் 36. நகரத்துச் சாக்கடை ஒரு காரணம். இன்னொன்று, மக்கள் உணவுக்கென்று கால்வாய்களில் விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும். முட்டையையும் குஞ்சையும் அவை தின்று தீர்த்தன. நம் ஊர்ச் சந்தையில் ஜிலேபி என்று கூறுகட்டி விற்கிறார்களே, அதே திலாப்பியாக் குடும்பம்தான். இங்கே 1952இல் வந்து சேர்ந்தது. வெளியூர் உயிரை நீர்நிலையில் விடுவதன் கதை நமக்கும் தெரிந்ததே.

ஆக, எங்களுக்கு எஞ்சியது இயந்திரம். கம்ப்ரசர் வைத்த சில்லர் ஒன்றை சென்னை கொளத்தூரில் சொல்லிவைத்து வாங்கினோம். கண்ணாடியின் மூன்று பக்கமும் அடியும் தெர்மாகோல் ஒட்டியதில் உள்ளே கசியும் வெப்பம் பாதியானது. ஆவணியில் பிராணி வந்தது. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன, அதையும் முடித்தோம்.

வந்த வாரத்திலேயே முன்கண்ணாடி வியர்க்கத் தொடங்கியது. ஆவணிக் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாய்த் திரண்டு வழிந்தது. கீழே துணி போட்டோம். அத்தை அந்தத் துணியை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு, பேசாமல் மீண்டும் போட்டுவிட்டுப் போனார்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. எங்கள் அப்பாவின் அக்கா, எண்பதை நெருங்குகிறார். வீட்டின் வடகிழக்கு அறை, வேப்பமர நிழல் விழுவது, அவருடையது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடமும் அதுதான். தொட்டிக்கு உகந்த இடமும் அதுதான். கட்டிலை நகர்த்தச் சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. முதியவர்களுக்குக் கத்திரி எவ்வளவு ஆபத்து என்று ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். எனவே நடுக்கூடத்தில் வைத்தோம்.

2025 சித்திரையில் நடுக்கூடம் 36 டிகிரி. சில்லர் ஓயாமல் ஓடி, நீரை 18இல் பிடித்து, உறிஞ்சிய வெப்பத்தையெல்லாம் கூடத்திலேயே ஊதியது. குளிர் என்று ஒன்றை யாரும் உண்டாக்குவதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான் என்பது அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு விளங்கியது. அத்தை ஒருநாள் கேட்டேவிட்டார்: "மனுசனுக்கே இல்லாத குளிர்ச்சி இந்தப் பல்லிக்கு இன்னாத்துக்கு?"

பதில் இல்லை எங்களிடம். கேள்வி நியாயமானது, அதில் கேலிகூட இல்லை. தோல் பதனிடும் தொழிலால் பாலாற்று நீர் கெட்டு, 1996இல் உச்சநீதிமன்றம் வரை போன பகுதி இது. குடிநீருக்கே நிற்க வைக்கப்பட்ட தலைமுறை அத்தையுடையது. தோல் வழியாகவும் மூச்சுவிடும் ஒரு பிராணிக்காக நாங்கள் உப்பும் வெப்பமும் அளந்துகொண்டிருப்பது அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எங்களால் ஊகிக்க முடிந்தது.

அன்றிரவு கணக்கு ஒன்று போட்டோம். 36 டிகிரி அறையில் 18ஐக் காப்பது 18 டிகிரி ஏற்றம். 27 டிகிரி அறையில் காப்பது ஒன்பதுதான். அத்தையின் அறையில் குளிர்சாதனம் பொருத்தி 27இல் வைத்து, தொட்டியையும் அங்கே கொண்டுபோய், சில்லரைச் சன்னலுக்கு வெளியே நிழலில் வைத்துக் குழாயிழுத்தால் சில்லரின் பாடு பாதியாகும். மூட்டு வலிக்கும் என்று பத்தாண்டுகளாகக் குளிர்சாதனத்தை மறுத்துவந்தவர், பல்லிக்காக என்றதும் ஒத்துக்கொண்டார். யாருக்காக என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மின்கட்டணத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

கத்திரியில் பராமரிப்பு மின்தடை வந்தது. காலை ஒன்பது முதல் இரண்டு வரை. ஐந்து மணி நேரத்தில் இரண்டு டிகிரி ஏறும் என்பது கணக்கு. உறைபெட்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டி இரண்டை உறைய வைத்திருந்தோம். ஒன்பதரைக்கு ஒன்றை மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். பதினொன்றரைக்கு இரண்டாவது. அத்தை பனையோலை விசிறியால் தனக்கொரு வீச்சும் தொட்டிக்கொரு வீச்சுமாக வீசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு விசிறி என்ன செய்யும் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. நீர்ப்பரப்பில் பட்டால் கொஞ்சம் செய்யும்தான். இரண்டு மணிக்கு 18.5. செவுள்கள் விரிந்தே இருந்தன. மாலையில் மண்புழு கொடுத்தோம், தின்றது. (உரக்குழிப் புழுவைத் துப்பிவிடும், வாழைத்தோப்பு ஈரத்தில் தோண்டியெடுத்ததுதான் ஏற்கும். கோடையில் அதற்கும் இரண்டடி தோண்ட வேண்டும்.)

அண்ணன் மகன் வாரம் ஒருமுறை பேசுகிறான். "சித்தி, இன்னிக்கு எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. அவன் இருக்கும் ஊரில் குழாயைத் திறந்தாலே பதினைந்து டிகிரி வருகிறதாம். அதைச் சொல்லும்போது அவன் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. படிப்பு முடிந்து இங்கு வருவானா, அங்கேயே இருந்துவிடுவானா என்பதை அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆக்சலாட்டில் நன்றாகப் பேணினால் பத்தாண்டுக்கு மேலும் இருக்கும். அத்தைக்கு அந்த எண்ணைச் சொன்னோம். சிறிது நேரம் தொட்டியைப் பார்த்துவிட்டு, தனக்குப் பிறகு அந்த அறையிலேயே அது இருக்கட்டும் என்றார்.

மார்கழியில் சில விடியற்காலைகளில் வெளியே 18க்கு இறங்கும். சன்னல்களைத் திறந்து வைத்தால் சில்லர் அதிக நேரம் நின்றிருக்கும். அந்த மாதம் மட்டும் அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு, பல்லிக்கு ஆகும், தனக்கு ஆகாது என்று சன்னலைச் சாத்தச் சொல்வார். பாதி சாத்துவோம்.