தூணிலும் இருப்பார்

ஒரு சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். வலது பக்கத் தெருவில் திரும்புமுன் பார்த்தேன், காலி. ஸ்டியரிங்கை ஒடித்ததும் 'ஐயோ' என்று ஒரு குரல். பானெட்டுக்கு ஓரடி முன்னால் சைக்கிளில் ஒரு பையன். எங்கிருந்து குதித்தான்? குதிக்கவே இல்லை. அங்கேயேதான் இருந்திருக்கிறான், விண்ட்ஷீல்டின் ஓரத்துத் தூணுக்குப் பின்னால். பிரகலாதனுக்குத் தூணில் நரசிம்மர், நமக்கு சைக்கிள்காரர். நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் அடங்க அரை மணி ஆயிற்று.

இந்தத் தூணுக்கு 'ஏ பில்லர்' என்று பெயர். கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவது இதுதான். அதற்காகவே காலப்போக்கில் பருத்துவிட்டது. அதாவது, உள்ளே இருப்பவரைக் காப்பாற்றப் போய் வெளியே நடப்பவரை மறைத்துவிட்டோம்.

ஐ.நா.வின் 125-ம் எண் வாகன விதிப்படி ஒரு தூண் 6 டிகிரி வரை மறைக்கலாம். 'அவ்வளவுதானே' என்பீர்கள். 20 மீட்டர் தூரத்தில் அது சுமார் 2 மீட்டர் அகலம். ஒரு பைக் முழுசாக ஒளிந்துகொள்ளும். நீங்களும் அவரும் ஒரே முனையை நோக்கி, வேகம் மாறாமல் வந்தால் தூண் கடைசிவரை அவரை மறைத்துக்கொண்டே வரும். தவிர, அந்த 6 டிகிரியை அளப்பது சீட்டிலிருந்து கணக்கிட்ட ஒரு கற்பனைக் கண்ணிலிருந்து. என் கண்ணும் உங்கள் கண்ணும் அங்கேதான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

2025-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐ.ஐ.ஹெச்.எஸ். என்கிற அமெரிக்க இன்ஷூரன்ஸ் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறைப்படி, டிரைவர் சீட்டில் வெவ்வேறு உயரங்களில் கேமரா வைத்து மறைவிடங்களை அளந்தார்கள். 1997 ஹோண்டா சிஆர்-வியில் காருக்கு முன்னால் 10 மீட்டருக்குள் 68 சதவிகித இடம் தெரிந்தது. 2022 மாடலில் 28 சதவிகிதம்தான். உயர்ந்த பானெட், பெரிய கண்ணாடிகள், பருத்த தூண்கள்... எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

கேமராவுக்கு நான் எங்கே போக? ஒரு பிளாஸ்டிக் பக்கெட் எடுத்தேன். நான் சீட்டில் உட்கார, மனைவி பக்கெட்டை பம்பரிலிருந்து மெல்லப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனாள். ஏழடி தள்ளிய பிறகுதான் அதன் விளிம்பு தெரிந்தது. இடம் மாறினோம். அவள் என்னைவிடக் குள்ளம், ஒன்பதடி. அந்த ஒன்பதடிக்குள் குனிந்து பந்து பொறுக்கும் ஒரு குழந்தையை நினைத்துப் பார்த்தேன். அப்புறம் இருவரும் பேசவில்லை.

திரும்புமுன் கச்சேரி ரசிகர்போல தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தூணுக்குப் பின்னால் இருப்பவர் தெரிவார். அடுத்த கார் வாங்கும்போது மைலேஜ் கேட்குமுன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, என்னவெல்லாம் தெரியவில்லை என்று பாருங்கள். கூடவே ஒரு பக்கெட் எடுத்துப் போங்கள். சேல்ஸ்மேன் சிரித்தால் சிரிக்கட்டும்.