மண்சுவர்த் தேன்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் உத்தனப்பள்ளியில் இறங்கி உள்ளே நடந்தால் கேழ்வரகுக் கொல்லைகளும் மாந்தோப்புகளும் இன்னும் இருக்கின்றன. ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்களின் புழுதி அவற்றின்மேல் படிகிறது. நான் பார்க்கப் போனது ஒரு கொத்தனாரை. புது வீடு கட்டுவது பிழைப்பு. ஆனால் பழைய மண்வீட்டை இடிக்கிறவர்கள் முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறார்கள். சுவருக்குள் கொசுத்தேனீ இருந்தால், கூடு சிதையாமல் எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர் அவர்.

அன்றைக்குக் கூடு இருந்தது ஒரு ஓட்டு வீட்டின் திண்ணைச் சுவரில். விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பிசின் குழல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய ஈக்கள் நாலைந்து காவலிருந்தன.

“புகை போட வேணாமாண்ணா?”

“எதுக்கு தம்பி? இதுக்குக் கொடுக்கே வேலை செய்யாது. தலைமுடியில பூந்து கடிக்கும், அவ்ளோதான்.”

குழலை அடியோடு பெயர்த்துப் பத்திரமாக ஓரம் வைத்தார். சின்ன உளியால் சுற்றிலும் மண்ணைக் கொத்திக் கொத்தி எடுத்தார். சுத்தியல் பக்கம் கையே போகவில்லை. உள்ளே நாம் பழகிய அறுகோண அடை கிடையாது. நடுவில் வெளிர்பழுப்பில் முட்டையறைகள் கொத்தாக இருக்கின்றன. சுற்றிலும் மெழுகும் மரப்பிசினும் குழைத்துச் செய்த குட்டிக் குட்டிக் கலயங்கள்: சிலவற்றில் மகரந்தம், சிலவற்றில் தேன். வயிறு பெருத்த ராணிக்குப் பறக்க வராது. அதை முட்டைக் கொத்தோடு மரப்பெட்டிக்குள் இறக்கினார். தேன் கலயம் ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகக் கூடாதாம். உடைந்தால் ஈக்கள் அதிலேயே மூழ்கும், எறும்பும் வந்துவிடும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் தேனை உறிஞ்சி எடுத்தார். பழைய குழலைப் பெட்டியின் துளையில் ஒட்டி, பெட்டியை அதே இடத்தில் வைத்தார். மேயப்போன ஈக்கள் பொழுதுசாய வந்து, தங்கள் வாசல்தான் என்று நம்பி நுழைந்துகொண்டன.

தேறிய தேன் ஒரு சின்ன மருந்து பாட்டிலைக்கூட நிரப்பவில்லை. நன்றாக வளர்ந்த கூட்டிலும் ஆண்டுக்குச் சில நூறு கிராம் கிடைத்தால் பெரிது. நாக்கில் முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் பிசினின் லேசான கசப்பு.

இதன் மருத்துவக் குணத்தைப் பற்றி ஊரில் ஆயிரம் பேச்சு. தேன் கிருமியை அடக்கும் என்பதை 1892-லேயே நெதர்லாந்தின் வான் கெட்டல் பதிவு செய்தார். சர்க்கரைச் செறிவு கிருமியிடமிருந்து நீரை உறிஞ்சுகிறது, அமிலம் அதை வளரவிடாது. இவை போக, தேனீ சுரக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, தேனில் ஈரம் சேரும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. இதை அமெரிக்காவின் ஜொனாதன் வைட் குழு 1960-களின் தொடக்கத்தில் கண்டறிந்தது. தேனை அடுப்பில் காய்ச்சினால் அந்த நொதி வீணாகிறது. மெருகேற்றிக் காய்ச்சி விற்கும் தேனில் இனிப்பு மட்டும்தான் மிச்சம் என்பது என் கட்சி. நியூசிலாந்தின் மனூகா தேன் வேறு வகை. அதன் வீரியம் மெத்தில்கிளையாக்சாலில் இருக்கிறது.

கொசுத்தேனுக்கு இன்னொரு பலமும் உண்டு. அது ஊறுவதே பிசின் கலயத்தில். பிசினிலுள்ள பீனால் சேர்மங்கள் தேனில் இறங்குகின்றன. ஆஸ்திரேலியா, மலேசியாவின் கொடுக்கில்லாத் தேனீக்களின் தேனில் 100 கிராமுக்கு 13 முதல் 44 கிராம் வரை டிரெஹாலுலோஸ் என்ற அபூர்வச் சர்க்கரை இருப்பதை 2020-இல் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் ஊர்க் கொசுத்தேனீயான டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ் அந்தக் குடும்பத்துப் பங்காளிதான்.

வீட்டுக்காரப் பாட்டி கண்ணில் விட ஒரு சொட்டு கேட்டார். எனக்கு மனசில்லை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் தேன் காமா கதிரில் கிருமி நீக்கியது. சுவரில் எடுத்த தேன் அப்படியல்ல. தேனில் பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் இருக்கலாம் என்பதால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாக்கில் தடவவும் கூடாது. நான் இதைச் சொன்னதும் கொத்தனார் கேட்டுக்கொண்டு, “அப்ப உள்ளுக்குச் சாப்பிடு பாட்டி” என்று முடித்தார்.

கூடு எடுக்கும் தொழிலை அவர் கற்றது தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து இருளர் பெரியவர்களிடம். அந்தக் காடுகளில் ஒரு பகுதி 2014 முதல் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். பாறையில் தொங்கும் மலைத்தேன் அவர்களுடைய வித்தை. 2006 வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலில் தேனையும் சேர்த்திருக்கிறது. மரப்பொந்துக் கொசுத்தேனை எடுக்க மரத்தையே பிளக்க வேண்டும், அதனால் ஒருமுறை எடுத்தால் கூடு போச்சு. பெட்டியில் குடியேற்றினால் கூடு பிழைக்கிறது. கேரளத்தில் சிறுதேன் என்று வீட்டுக்கு வீடு பானையிலும் மூங்கிலிலும் வளர்க்கிறார்கள்.

விற்பனையில் வேறொரு சிக்கல். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொசுத்தேன் இயல்பிலேயே நீர்த்தது, அதைத் தாண்டும், மூடியைத் திறந்தால் நுரைக்கும். மலேசியா 2017-இல் இதற்கென்றே தனித் தரம் வகுத்துக்கொண்டது. இங்கே நுரைப்பதைப் பார்த்துக் கலப்படம் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். நுரைக்காத பாகை நல்ல தேன் என்று வாங்கிப் போகிறார்கள்.

கிளம்பும்போது அவருக்கு ஒரு போன். பெங்களூரிலிருந்து யாரோ மாதம் 5 கிலோ கேட்டார்கள். “அவ்ளோ வேணும்னா நீங்க எனக்கு ஊர்ல இருக்கிற மண்சுவரெல்லாம் வாங்கிக் குடுக்கணும் சார்” என்றார். அடுத்த வாரம் நாகமங்கலத்துப் பக்கம் இடிக்கப்போகிற வீட்டுக்கு வழி விசாரிக்க ஆரம்பித்தார்.