துங்கநாத் சரிவில் கடுகுரோகிணி

நாட்டு மருந்துக் கடையில் கடுகுரோகிணி கேட்டால், சுருங்கிப்போன பழுப்புத் துண்டுகளைத் தாளில் மடித்துத் தருவார்கள். சுரத்துக்கும் ஈரல் கோளாறுக்கும் மலச்சிக்கலுக்கும் சித்த வைத்தியர்கள் சேர்க்கும் சரக்கு அது. கஷாயத்தில் ஒரு துண்டு விழுந்தாலும் நாக்கு மறக்காது. ஆனால் அந்தச் செடி நம் சமவெளியில் வளர்வதில்லை. மேற்கு இமயத்தில், மரங்கள் நின்றுபோகும் இடத்துக்கு மேலே, சுமார் 3,000 மீட்டரிலிருந்து 4,500 மீட்டர் வரைதான் அதன் வீடு. அதை உயிரோடும் பூவோடும் பார்க்க வேண்டும் என்றே ஆடி மாதத்தில் கார்வாலுக்குக் கிளம்பினேன். மழையில் அந்த மலைச் சாலைகள் சரியும் என்று வீட்டில் தடுத்தார்கள். சாலை சரியத்தான் செய்கிறது. என்ன செய்வது, செடி பூப்பதும் அந்த மழையில்தானே!

ரிஷிகேஷிலிருந்து தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை என்று ஆற்றை விடாமல் ஏறுகிறது சாலை. ருத்ரப்பிரயாகைக்கு மேல் மந்தாகினிக் கரையில் அகஸ்தியமுனி என்றே ஓர் ஊர், அகத்தியருக்குக் கோயிலோடு. சித்த மருத்துவம் தன் ஆதிகுரு என்று வணங்குபவருக்கு, அதன் சரக்குகள் விளையும் மலைகளின் வாசலிலேயே கோயில் இருப்பது எனக்குப் பெரிய நிறைவைத் தந்தது. ஊகிமட் தாண்டி சோப்தா வந்தபோது மேகம் சாலைக்கே இறங்கியிருந்தது.

சோப்தா ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரம். அங்கிருந்து கல் பாவிய பாதையில் நாலு கிலோமீட்டருக்குள் நடந்தால் 3,680 மீட்டரில் துங்கநாதர் கோயில். பஞ்ச கேதாரங்களில் மிக உயரத்தில் இருப்பது இதுதான். வழிகாட்ட வந்த இளைஞர் கீழே உள்ள ஒரு கிராமத்துக்காரர். கோயிலுக்குப் போகிறவர்கள் பாதையைப் பார்த்து நடப்பார்கள். அவர் ஓரத்துச் செடிகளைப் பார்த்தே நடந்தார். முதலில் கர்சு ஓக் மரங்களும் புராஞ்சு என்னும் ரோடோடென்ட்ரான் மரங்களும். ஏற ஏற மரங்கள் குட்டையாகி, கடைசியில் அதே ரோடோடென்ட்ரானின் இன்னொரு இனம் பனியின் பாரத்தில் வளைந்து, தரையோடு படுத்துக் கிடக்கிறது. அதற்கு மேல் மரமே இல்லை. புக்யால் என்று இங்கே சொல்லும் மலைமேட்டுப் புல்வெளி தொடங்குகிறது.

அந்தப் பசுமையைப் பார்த்தவர்கள் அங்கே வாழ்க்கை சுலபம் என்று நினைக்கலாம். வருடத்தில் பாதி அந்தச் சரிவு பனிக்கடியில் கிடக்கிறது. குளிர் தொடங்கியதும் கோயிலையே மூடி, உற்சவமூர்த்தியை மக்குமட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். செடிகளும் மேலே உள்ளதை உதறிவிட்டு மண்ணுக்குள் ஒடுங்குகின்றன. பனி உருகியதும் முளைத்து, இலை விட்டு, பூத்து, விதைத்து, அடுத்த குளிர்காலத்துக்கான சேமிப்பையும் கிழங்கில் நிரப்ப அவற்றுக்குக் கிடைப்பது சில மாதங்களே. அதனால் இங்கே எதுவும் அவசரமாகப் பருக்காது. விரல் பருமனுள்ள ஒரு கிழங்குத் தண்டு என்றால் அது பல கோடைகளின் சம்பாத்தியம்.

பாதை ஓரத்தில் சிவப்புப் பொட்டென்டில்லாவும் ஊதாப் பிரிமுலாவும் நிறைந்திருந்தன. கடுகுரோகிணி மட்டும் இல்லை. கோயிலுக்கு அப்பால், வடக்கு நோக்கிய ஈரச் சரிவில், பாறை இடுக்குகளில் கை ஊன்றி ஏறினோம். அவர் குனிந்து ஒரு பாசிக் கல்லின் மேல் படர்ந்திருந்த புல்லை மெல்ல விலக்கினார். "தீதி, இதோ குட்கி." கடுகுரோகிணிக்கு இங்கே அதுதான் பெயர்.

தோசைத்திருப்பி போல நுனி அகன்று அடி குறுகிய இலைகள், ஓரங்களில் பல்வெட்டோடு, தரையை ஒட்டி வட்டமாக விரிந்திருந்தன. நடுவிலிருந்து சாண் உயரம்கூட இல்லாத ஒரு காம்பு. அதன் உச்சியில் வெளிர் நீலமும் ஊதாவும் கலந்த சின்னப் பூக்கள் நெருங்கிய கதிர். இதழ்களைத் தாண்டி மகரந்தத் தாள்கள் நீட்டிக்கொண்டிருந்ததால் கதிர் முழுவதும் மெல்லிய சிலிர்ப்போடு தெரிந்தது. அருகிலேயே இன்னொன்று, அதற்கருகில் இன்னொன்று. மண்ணடியில் ஊரும் தண்டு அவற்றையெல்லாம் ஒரே குடும்பமாகக் கட்டியிருந்தது. அந்தத் தண்டுதான் நம் கடைச் சரக்கு. பிக்ரோசைடு, குட்கோசைடு என்னும் கசப்புப் பொருள்கள் சேர்ந்திருப்பதும் அதில்தான். அந்தக் கசப்பின் பெயரால்தான் செடிகளைத் தோண்டி எடுத்துவிடுகிறோம்.

தோண்டி எடுப்பதில் உள்ள கொடுமையை அந்த இடத்தில் மண்டியிட்டபோதுதான் முழுவதும் உணர்ந்தேன். துளசியில் இலையைக் கிள்ளினால் செடி தழைக்கும். இதில் மருந்து வேண்டுமென்றால் செடியே போக வேண்டும். விதை முற்றுவதற்கு முன் பிடுங்கிவிட்டால் அடுத்த தலைமுறையும் சேர்ந்து போகிறது. மேற்கு இமயத்தின் சரிவுகளிலிருந்து இப்படி மூட்டை மூட்டையாக இறங்கியதால்தான் இது அருகிவரும் செடிகளில் ஒன்றானது. 1997-ல் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். சடாமாஞ்சிலும் அதே ஆண்டில் அதே பட்டியலுக்கு வந்தது. அதிவிடயமும் இதே மலைகளின் சரக்குதான். நம் மருந்துக் கடையின் அடுத்தடுத்த டப்பாக்களில் இந்தப் புல்வெளிகள்தான் உலர்ந்து கிடக்கின்றன. வாங்குகிற ஊர்க்காரர்கள் நாம். இந்தப் பொறுப்பிலிருந்து தூரத்தைக் காட்டி நாம் நழுவ முடியாது.

பயணிகளின் காலில் மிதிபடும் துயரம் வேறு. புக்யால்களில் இரவு கூடாரம் போடுவதை உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-ல் தடை செய்தது. மிகச் சரியான தீர்ப்பு.

துங்கநாத்தில் எனக்கு நம்பிக்கை தந்த இன்னொன்றும் இருக்கிறது. கார்வால் ஸ்ரீநகரில் உள்ள ஹேமவதி நந்தன் பகுகுணா பல்கலைக்கழகத்தின் 1979-ல் தொடங்கிய உயர்மலைத் தாவர ஆய்வு மையம், இந்த உயரத்திலேயே ஒரு தோட்டம் வைத்து இச்செடிகளைப் பயிராக்கும் வழியைத் தேடியது. மிகச் சிறிய விதைகளை நிழலில் முளைக்கவைக்கலாம். ஊர்தண்டின் துண்டுகளையே நட்டும் வளர்க்கலாம். சமோலி மாவட்டத்தின் கேஸ் கிராமத்தில் இன்று குட்கி ஒரு வயல் பயிர்.

இறங்கும்போது வழிகாட்டி தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். கிராமத்துக்கு மேலே, உருளைக்கிழங்கு விளையும் படிக்கட்டு வயல்களில் ஒன்றில் அவருடைய அம்மா குட்கி போட்டிருந்தார். நான் மலையுச்சியில் தேடித் தேடிக் கண்ட அதே இலைகள் அங்கே பாத்தி பாத்தியாக. இங்கே உள்ளது வயலில் விளைந்தது, காட்டில் பிடுங்கியதல்ல என்று காட்ட அரசுப் பதிவு வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தார். "உங்க ஊர்லயும் இதை வாங்குவாங்களாமே மகளே, அவங்க இந்தத் தாளைக் கேப்பாங்களா?" என்று கேட்டார். இனி நான் வாங்கும் கடையில் கேட்பேன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் பாத்தியைக் காட்டினார். இன்னும் ஒரு கோடை வளரவிட்டு, அடுத்த ஐப்பசியில் தோண்டுவாராம். தடித்த பகுதியை உலர்த்திவிட்டு, நுனிகளை அன்றைக்கே அதே பாத்தியில் நட்டுவிடுவாராம்.